ஈயத்தலைக்காரி

மீனுக்குக் கலர் தெரியுமா என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இல்லை. தெரியும் என்றால் சிரிப்பார்கள். தெரியாது என்றால், அப்புறம் எதுக்குப் பூசிக்கிட்டுக் கிடக்கிற என்பார்கள். கொஞ்ச நாள் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். பிறகு, டேமுக்குள்ள இறங்கி மீனையே கேட்டுட்டு வாங்க என்று சொல்ல ஆரம்பித்தேன். என் வாய் அப்படி. இந்த வாயால் உனக்கு ஒரு நாள் கேடு வரும் என்று கல்யாணமான புதிதிலேயே என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் நான். அவருக்கு ஹட்டனில் ஒரு டயர் கடையில் வேலை. காலை பஸ்ஸில் போய் இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேருவார். இந்தப் பூசுகிற வேலைக்குள் எங்களை இழுத்துவிட்டது ஒரு வெயில் காலம். டேம் கட்டியபோது பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் வற்றினால் பழைய கோயில் கற்களும் கட்டடங்களின் அடியும் சேற்றோடு வெளியே தெரியும். அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனவர், சட்டைப் பை நிறையத் தூண்டில் முள்ளோடு வந்தார். கொழும்பிலிருந்து காரில் வந்து மீன் பிடிக்கிறவர்கள் வீசியவை அந்தக் கற்களில் மாட்டி, நூல் அறுந்து, அங்கேயே கிடந்திருக்கின்றன. ஒவ்வொரு முள்ளின் கழுத்திலும் கடலைப் பருப்பிலிருந்து கொட்டைப் பாக்கு வரைக்கும் பல அளவில் ஒரு ஈயக் குண்டு. ஜிக் என்பார்களாம். பாரத்தில் முள் கீழே இறங்கும், இழுத்தால் துள்ளும், அதைக் குஞ்சு மீன் என்று நினைத்துப் பெரிய மீன் கடிக்கும். எங்கள் லயத்தில் அதற்கு ஈயத்தலை என்று பேர் வைத்தார்கள். எனக்கு ஈயத்தலைக்காரி என்று பேர் வந்தது.

வெளிநாட்டுச் சாமான் கடைக்கு வராமல் நின்றுபோயிருந்த காலம் அது. ஒரு ஜிக்குக்கு அலைகிறார்கள் என்று மஸ்கெலியா பஜாரில் ஆணி, கயிறு, தூண்டில் நூல் எல்லாம் விற்கிற நானா சொன்னார். என் வீட்டுக்காரர் வேலை செய்கிற டயர் கடையிலோ, கார்ச் சக்கரம் ஆடாமல் ஓட ரிம்மின் ஓரத்தில் அடிக்கிற சின்ன ஈயத் துண்டுகளைக் கழற்றிக் கழற்றி வாளியில் போடுவார்கள். முதலாளி அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கடைசல் பட்டறையில் அலுமினியத்தில் ஒரு அச்சு வெட்டி வாங்கினோம். ஈயத்தை உருக்கி ஊற்றுவது அவர் வேலை, ஞாயிற்றுக்கிழமை. பூசுவது என் வேலை, மலையிலிருந்து வந்த பிறகு. எங்கள் ஊரில் மலைக்குப் போவது என்றால் கொழுந்துக்குப் போவதுதான்.

ஊற்றுவதை யாரும் செய்துவிடலாம். அச்சை முதலில் சூடு காட்டிக் காய வைக்கத் தெரிந்தால் போதும். எங்கள் ஊர்ப் பனிக்கு எந்தச் சாமானிலும் ஈரம் ஊறிவிடும். அச்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் உருகின ஈயம் வெடித்து முகத்தில் அடிக்கும். அவர் மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு, அது முதல் மாதத்தில் வாங்கினது. ஆனால் பூச்சுதான் சாமானை விற்கும். முதலில் நெயில் பாலிஷ் பூசினேன். இளஞ்சிவப்பில், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நானா அதில் ஒன்றை எடுத்துக் கடைப்படிக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினார். பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

“தங்கச்சி, இது கல்யாண வீட்டுக்குப் போற கைக்கு நல்லா இருக்கும். கல்லுல அடிபடுற சாமானுக்கு ஆகாது” என்றார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அவர்தான் வழியும் காட்டினார். அவருடைய மச்சான் கண்டியில் அலுமினிய ஜன்னல் செய்கிற இடத்தில் வேலை. ஜன்னல் சட்டத்துக்கு அங்கே பெயின்ட் அடிப்பதில்லை, மாவு மாதிரி ஒரு பவுடரைத் தூவிச் சூளையில் வேக வைக்கிறார்கள். உருகி ஒட்டினால் ஆணியால் கீறினாலும் வராது. மிச்சம் மீதிப் பவுடரை மச்சான் டப்பாவில் போட்டு அனுப்பினார். ஜன்னல் கலர்தானே வரும். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. டேமில் இருக்கிற மீனுக்கெல்லாம் கொழும்பு மாடி வீட்டு ஜன்னல் கலரைக் காட்டி நாங்கள் வியாபாரம் தொடங்கினோம். அப்புறம்தான் சிவப்பும், கண்ணைக் கூசுகிற பச்சை மஞ்சளும் தேடிப் பிடித்தோம்.

வேலையைச் சொல்கிறேன். முள்ளைக் குறட்டால் பிடித்து, தலையை மட்டும் தணலில் காட்ட வேண்டும். கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சியை நாங்கள் மிலாறு என்போம். அந்த மிலாற்றுத் தணலுக்குப் புகை கிடையாது, நின்று எரியும். சூடேறினதும் பவுடர் டப்பாவுக்குள் ஒரு முக்கு முக்கி உடனே எடுக்க வேண்டும். டப்பாவை முதலிலேயே குலுக்கிப் பவுடரைப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக அப்பிக்கொள்ளும். சூடு சரியாக இருந்தால் தூள் அப்படியே உருகிப் பளபளக்கும். சூடு குறைந்தால் ஒட்டாது. கூடினால் கொப்பளித்து மூக்குச் சளி மாதிரித் தொங்கும். பிறகு நூல் கோர்க்கிற காதை ஊசியால் குத்தித் திறந்துவிட வேண்டும். வெந்த பிறகு குத்தினால் ஊசிதான் உடையும். கடைசியில் எல்லாவற்றையும் சைக்கிள் கம்பியில் வரிசையாக மாட்டி, கேக் சுடுகிற பழைய கரண்ட் அடுப்புக்குள் வைப்பேன். சம்பல் அரைத்து ரொட்டி தட்டி முடிக்கிற நேரம் அது வேக வேண்டும். இதைச் செய்யாமல் விற்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய சாமான் முதல் கல்லிலேயே அம்மணமாகிவிடும்.

ஆரம்பத்தில் குசினியிலேயே செய்தேன். அடுத்த காம்பரா அக்காவுக்கும் எனக்கும் சண்டை வந்தது அதனால்தான். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாது. பவுடர் வேகிற வாடை அப்படியே அந்தப் பக்கம் போகும். ஈயம் நஞ்சு, பேரப்பிள்ளைங்க மூச்சு விடுற வீடு இது என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எல்லோர் முன்னாலும் கத்தினார். நானும் விடவில்லை. அவர் வீட்டுக்காரர் குடித்துவிட்டு எடுக்கிற வாந்தி வாடையைப் பற்றி நான் ஒரு நாளாவது பேசினேனா என்று கேட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அக்கா சொன்னதில் பிழை இல்லை. பின்பக்கத்து மாட்டுப்பட்டி மாடு விற்ற பிறகு காலியாகக் கிடந்தது. அதைக் கழுவி, ஒயர் இழுத்து, கரண்ட் அடுப்பையும் டப்பாக்களையும் அங்கே கொண்டுபோனேன். அந்தக் கரண்ட் அடுப்பில் சாப்பாட்டுச் சாமான் எதுவும் வைப்பதில்லை. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவாமல் வீட்டுக்குள் வருவதுமில்லை. அதற்குப் பிறகும் அக்கா என்னோடு பேசவில்லை. பீலியில் அவர் குடம் நிறைந்தால், என் குடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவார்.

இப்படியே போயிருக்கும். மழை பிடித்ததும் எல்லாம் மாறியது. எங்கள் தோட்டத்தில் மேட்டுக்கு மேலே பழைய இஸ்டோர் ஒன்று மூடிக் கிடக்கிறது. தேயிலை அரைத்த தொழிற்சாலைதான். இப்போது கொழுந்து லொறியில் வேறு இடத்துக்குப் போகிறது. அந்த வருஷம்தான் முதல் முறையாக அந்தக் கட்டடத்தில் உரமூட்டை அடுக்கியிருந்தார்கள். கூரை ஒழுகி மூட்டைகள் நனைந்துவிட்டன. ஏறிப் பார்த்தால், இரண்டு கூரை சேர்கிற பள்ளத்தில் அந்தக் காலத்தில் போட்டிருந்த ஈயத் தகடு மொத்தமும் காணோம்.

மறுநாள் பெரட்டுக்குப் போனோம். விடிந்ததும் எல்லோரும் ஒரு இடத்தில் கூடி நிற்பதும், எங்களை மேய்க்கிற தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கையா பேர் வாசித்து யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவதும்தான் பெரட்டு. அவர் அன்று பேர் வாசிக்கத் தொடங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“இஸ்டோரு கூரையில ஈயத்தைக் காணோம். இந்தத் தோட்டத்துல ஈயம் உருக்குறது ஒருத்திதான். நான் வேற யாரைப் போய்க் கேக்குறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. எங்க வீட்டுக்காரர் வேலை செய்யிற கடையில கழிச்சுப் போடுற ஈயங்க ஐயா அது, வந்து பாருங்க, ஒவ்வொரு துண்டும் சுண்டு விரல் அளவுகூட இருக்காது என்று சொன்னேன். அவர் சிரித்தார். உருக்கினா தகடும் அப்படித்தானே ஆவும் என்றார். பிறகு புத்தகத்தைத் திறந்து பேர் வாசித்தார். என் பேர் வர வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நின்று, அடுத்த பேருக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கும்வரை உனக்கு வேலை இல்லை என்று கடைசியில் சொன்னார். கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் சம்பளத்துக்கு அரைப் பேர் போடுவார்கள், அதற்கு நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அன்று அரைப் பேர்கூட இல்லை.

அவர் சொன்னதைவிட, என்னோடு அவ்வளவு வருஷம் ஒரே நிரையில் பறித்த பொம்பளைகள் ஒருத்தியும் வாய் திறக்காததுதான் எனக்கு வலித்தது. தரையைப் பார்த்தார்கள், இடுப்பில் சுற்றின படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டினார்கள், மலைக்குப் போனார்கள். நான் இடுப்பில் கட்டின படங்கோடு லயத்துக்குத் திரும்பி நடந்தேன். பாதி வழியில் அழுகை வந்தது. அழுதால் உண்மையாக்கிவிடுவார்கள் என்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் தொழிற்சங்கத் தலைவர் வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார். வெறுந்தேத்தண்ணி கொடுத்தேன். நல்ல மனுஷன்தான், ஆனால் சண்டை என்றால் பாதி வழியில் முடிக்கப் பார்ப்பார்.

“தங்கச்சி, நீ எடுத்தியா எடுக்கலையாங்கிறது வேற கதை. ஐயாகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டியன்னா காலையில பேரு விழுந்துரும்” என்றார்.

இது எங்கள் தோட்டத்து வழக்கம். பிந்தி வந்தால் மன்னிப்பு, எதிர்த்துப் பேசினால் மன்னிப்பு, கங்காணி பிழையாக எழுதினதைச் சுட்டிக்காட்டினாலும் நாங்கள்தான் மன்னிப்பு. பெரட்டில் நின்று தலையைக் குனிந்து, தெரியாம நடந்துபோச்சுங்க ஐயா என்று ஒரு வார்த்தை. யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி அந்த வார்த்தையைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், கூச்சமே இல்லாமல். ஆனால் இது களவு. எடுக்காத பொருளுக்கு மன்னிப்புக் கேட்டால் அந்தப் பொருள் என் கணக்கில் விழுந்துவிடும். நாளைக்கு எந்த வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். குனியக் குனியக் குட்டுகிறவர்கள் இவர்கள். முடியாது தலைவரே என்றேன். பேர் இல்லாவிட்டால் காம்பரா யாருக்கு என்று ஒரு நாள் கேட்பார்கள் என்று அவர் நினைவூட்டினார். அது உண்மை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் காம்பரா, எங்கள் வீட்டில் தோட்டத்துப் பேர் என்னுடையது ஒன்றுதான். அப்பவும் முடியாது என்றேன்.

வீட்டுக்காரரோடும் சண்டை. டயர் கடை முதலாளியைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைக்கிறேன் என்றார். கெட்ட யோசனை இல்லை அது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டேன். அதே உண்மையை ஒரு முதலாளி வந்து சொன்னால்தான் காதில் ஏறும் என்றால், அந்தக் காதுக்கு நான் எதற்கு இன்னொரு தடவை கத்த வேண்டும். குற்றம் சொன்னவர் நிரூபிக்கட்டும். உனக்கு வீம்பு என்றார். ஆமா, வீம்புதான் என்றேன். மூன்று வேளை சோற்றுக்கு வீம்பு கறியாகுமா என்று கேட்டுவிட்டுப் படுத்தார். ரெண்டு பேரும் நான்கைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டுக்கு எழுந்து, அச்சைச் சூடு காட்டி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஊற்றி வைத்தார்.

நான் முழு நாளும் பூசத் தொடங்கினேன். முதல் நாள் எல்லாம் பாழ். கோபத்தில் தணலில் அதிக நேரம் பிடித்துவிட்டேன். தலையெல்லாம் கொப்பளித்துப் பூச்சு வழிந்தது, ஒன்றிரண்டில் ஈயமே இளகி முள் ஆட்டம் கண்டது. கண்டாக்கையாவின் முகத்தை நினைத்துக்கொண்டு பிடித்தால் அப்படித்தான் ஆகும். எல்லாவற்றையும் திரும்ப உருக்கப் போட்டேன். அடுத்த நாளிலிருந்து அவரை மாட்டுப்பட்டிக்கு வெளியே நிறுத்திவிட்டு வேலையை மட்டும் பார்த்தேன்.

அதுவரைக்கும் மாட்டுப்பட்டிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வேன். யாரும் கேலி பண்ணுவார்களே என்று ஒரு வெட்கம். பழி வந்த பிறகு கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன். எதிரே மலைக்குப் போகிற ரோட்டு. கொழுந்துக் கூட்டம் போவதும் வருவதும் கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் போவதும் அந்த வழிதான். வெந்த ஈயத்தலைகளை ஆறவைக்க வாசலில் குறுக்காகக் கம்பி கட்டி அதில் மாட்டினேன். சிவப்பு ஒரு வரிசை, பச்சை மஞ்சள் ஒரு வரிசை. வெயில் வந்தால் மின்னும். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தது ஈயம், அதைவிடக் கனமாக எதைச் சொல்வது. எனக்கு வழியில் பயமில்லை. பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று இருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நிமிர்ந்து நேராகப் பார்ப்பேன். அவர் பார்க்காத மாதிரிப் போவார்.

நானாவிடம் சாமான் தேங்கவில்லை. திருகோணமலைப் பக்கம் கடலில் பிடிக்கிறவர்கள் பெரிய தலையாகக் கேட்கிறார்கள் என்று சொல்லியனுப்பினார். அதற்கும் ஒரு அச்சு வெட்டினோம். கறிக்கும் அரிசிக்கும் குறையில்லாமல் ஓடியது. ஆனாலும் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்கள் போகிற சத்தம் கேட்டால் படுக்கையில் கிடக்க முடியாது. எழுந்து அடுப்பை மூட்டி, செய்ய ஒன்றும் இல்லாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஏதோ செத்த வீடு மாதிரி இருக்கும். வேலை போன துக்கம் இல்லை அது. எல்லோர் பேரும் வாசிக்கிற இடத்தில் என் பேர் வாசிக்கப்படாமல் களவோடு மட்டும் சேர்க்கப்பட்டு, அப்படியே அந்தரத்தில் நிற்கிறதே என்ற துக்கம்.

கொழுந்து பொங்குகிற காலம் வந்தது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தால் செடி ஒரு வாரத்தில் தழைத்துவிடும். பறிக்க ஆள் இல்லை. இளசுகள் எல்லாம் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்விட்டார்கள், பறிக்கத் தெரிந்த கைகள் எங்களைப் போல நடுவயதுக் கைகள்தான். அந்த நேரத்தில் தலைவர் திரும்பவும் வந்தார். இந்த முறை தேத்தண்ணி வேண்டாம் என்றார். பழைய இஸ்டோரில் காவல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் தன்னுடைய வேறு ஏதோ அலுவலாக ஆபீசுக்கு வந்திருக்கிறார். கூரை ஈயத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும், அதென்ன இப்பவா தேடுறீங்க, மெஷின்களைப் பழைய இரும்புக்குக் கொடுத்தப்பவே அந்தத் தகட்டையும் உரிச்சு அதே லொறியில ஏத்தினாங்க, நான்தானே கேட்டைத் திறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். தோட்டமே விற்ற ஈயத்துக்குத்தான் நான் கள்ளி.

“அதனால நாளைக்கு வந்துரு. பழசை விட்ரு” என்றார் தலைவர்.

இப்ப யாரு மன்னிப்புக் கேக்குறது தலைவரே என்றேன். அவர் சிரித்துவிட்டார். கண்டாக்கையா நம்மகிட்ட மன்னிப்புக் கேட்கிற வழக்கம் ஏது என்றார். இல்லாவிட்டால் இனி உண்டாக்கட்டும், அதுவரை நான் வரவில்லை என்று சொல்லியனுப்பினேன். அன்று வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். குறட்டின் பிடியில் கிழிந்திருந்த ரப்பரைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கண்டாக்கையாவே வந்தார். மோட்டார் சைக்கிளை ரோட்டோரம் நிறுத்திவிட்டு மாட்டுப்பட்டி வாசலில் நின்றார். நான் ஒரு பெரிய தலையைத் தணலில் பிடித்திருந்தேன். சூடேறுகிற நேரம் கையை எடுக்க முடியாது. நிமிராமல், கொஞ்சம் நில்லுங்க ஐயா என்றேன். நின்றார். பவுடரில் முக்கி, பளபளப்பு வரும்வரை பார்த்து, ஊசியால் காதைக் குத்தித் திறந்து, கம்பியில் மாட்டிவிட்டுத்தான் திரும்பினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கொழுந்து முத்திப் போகிறது, சின்னத்தொரை சத்தம் போடுகிறார், நாளைக்கு வந்துவிடு, அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றார். குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சலும் இல்லை. முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும், அங்கே நின்றவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

“சொன்ன எடத்துல சொல்லுங்க ஐயா. நான் வர்றேன்.”

அவர் கம்பியில் தொங்கியவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இது என்ன மீனுக்கு என்று கேட்டார். எனக்கு அந்தப் பேச்சில் சேரப் பிடிக்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த கதவை எடுத்து வாசலை மறைத்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

மறுநாள் படங்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். பனி மூடி, பத்தடி தள்ளி நிற்கிறவர் நிழலாகத் தெரிந்தார். யாரும் என்னோடு பேசவில்லை, ஆனால் நிற்க இடம் விட்டார்கள். கண்டாக்கையா புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பேராக வாசித்தார். ஒவ்வொருத்தியும் இருக்கேங்க என்று குரல் கொடுத்தாள். என் பேர் அதன் இடத்தில் வந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை வாசித்தார். திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற தலைவர் என் முழங்கையை இடித்தார். வழக்கம் அப்படி, பேர் கேட்டதும் தொண்டை தானாகத் திறக்கும். அதைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு நின்றேன்.

கண்டாக்கையா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் முணுமுணுத்தார். ஈயம், இவ இல்ல என்கிற அளவுக்கு ஏதோ தாடிக்குள் போனது.

“கேக்கலைங்க ஐயா” என்றேன்.

இதோடு காம்பராவும் போச்சு, நானே கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் நிமிர்ந்து என்னை முறைத்தார். அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் எழுந்தது. குடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற அடுத்த காம்பரா அக்காவின் குரல்.

“எங்களுக்கும் கேக்கலைங்க.”

பனிக்குள் அந்தப் பக்கம் நின்ற இன்னொருத்தி, இங்கேயும் கேட்கவில்லை என்றாள். பிறகு நாலா பக்கமும் அதையே சொன்னார்கள். சத்தமாக இல்லை, சாதாரணமாக, நிறை சரியா என்று கேட்கிற மாதிரி. கண்டாக்கையா புத்தகத்தை மூடினார். திறந்தார். தொண்டையைச் செருமினார்.

“இஸ்டோரு ஈயத்தை இவ எடுக்கல. நான் சொன்னது தப்பு.”

கடைசி வரிசைக்கும் கேட்டது. அப்புறம் மூன்றாம் தடவையாக என் பேரை வாசித்தார்.

“இருக்கேங்க” என்றேன்.